பெனின் வெண்கலங்கள்: 1897 கொள்ளையும் அதிலிருந்து பிறந்த கலையும்

1897-இல் பிரிட்டிஷ் படை பெனின் அரண்மனையிலிருந்து கொள்ளையடித்த கலைப்பொருட்களில் 119-ஐ, 2025 ஜூனில் நெதர்லாந்து நைஜீரியாவிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு நவம்பரில் நைஜீரியாவின் பெனின் நகரத்தில் மேற்கு ஆப்பிரிக்கக் கலைக்கென்று ஒரு புதிய அருங்காட்சியகம் திறக்கப்படவிருந்தது. வெளிநாட்டு விருந்தினர்கள்கூட வந்து சேர்ந்துவிட்டார்கள். திறப்புக்கு இரண்டு நாள் முன்னால் போராட்டக்காரர்கள் வளாகத்துக்குள் புகுந்தார்கள், விழா தள்ளிப்போனது.

இரண்டு செய்தியையும் படித்தவர்கள் குழம்புவது இயல்புதான். கொள்ளை போனவை திரும்பி வருகின்றன, சரி. அந்தக் கலையைக் கொண்டாட ஊரிலேயே ஒரு இடம் கட்டினால், ஊர்க்காரர்களே ஏன் அதை முற்றுகையிட வேண்டும்?

இதற்கு விடை தேட 1897-க்குப் போக வேண்டும். அங்கே போனால் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைக்கும். நைஜீரியாவின் சமகாலக் கலைஞர்கள் பலர் ஏன் திரும்பத் திரும்ப அருங்காட்சியகம், கொள்ளை, காணாமல்போன சிலை என்றே படைப்புகள் செய்கிறார்கள் என்ற கேள்வி அது.

## எந்த பெனின்?

முதல் குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் என்று ஒரு குடியரசு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட தஹோமி நாடு 1975-இல் சூட்டிக்கொண்ட பெயர் அது. 2021 நவம்பரில் பிரான்ஸ் 26 பொருட்களைத் திருப்பிக் கொடுத்தது அந்த நாட்டுக்குத்தான். அது வேறு போர், வேறு கணக்கு.

இங்கே பேசுவது பெனின் அரசைப் பற்றி. இன்றைய நைஜீரியாவின் தெற்கே, எடோ மாநிலத்தில் உள்ள பெனின் நகரம் அதன் தலைநகர். அரசருக்கு ஓபா என்று பெயர். அரச மரபு இன்னும் அறுந்துபோகவில்லை. 2016-இல் முடிசூடிய இரண்டாம் எவுவாரே இப்போதைய ஓபா. ஆட்சி அதிகாரம் இல்லை. ஊரில் செல்வாக்குக்குக் குறைவும் இல்லை. பின்னால் வரும் சண்டையில் இவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

## அந்தப் பொருட்கள் என்ன வேலை செய்தன?

வெண்கலங்கள் என்று பொதுவாகச் சொன்னாலும் உலோகப் பொருட்களில் பெரும்பாலானவை பித்தளை. செதுக்கிய யானைத் தந்தம், பவளம், மரம் எல்லாம் இந்தத் தொகுதியில் அடக்கம். இரண்டு வகைகளை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

1. பீடத்துத் தலைகள். புதிய ஓபா பட்டத்துக்கு வந்ததும் இறந்த தந்தைக்கு ஒரு பீடம் அமைப்பார். அதில் வைக்கப் பித்தளையில் ஒரு தலை வார்க்கப்படும். உச்சந்தலையில் வட்டமாக ஒரு துளை இருக்கும். முழு யானைத் தந்தம் ஒன்றைச் செதுக்கி அந்தத் துளையில் நிறுத்துவார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் தலை தனியாகவும் தந்தம் தனியாகவும் இருப்பதைப் பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாக நின்றவை என்பது தெரியாமலே போய்விடுகிறது.

2. தகடுகள். இவை 16, 17-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அரண்மனைத் தூண்களில் ஆணி அடித்துப் பொருத்தியிருந்தார்கள். ஓரங்களில் அந்த ஆணித்துளைகள் இன்றும் இருக்கின்றன. சிலவற்றில் நடுவில் ஓபா பெரிதாக நிற்பார். பக்கத்தில் கேடயம் பிடித்த வீரர்கள், அவர்களைவிடச் சிறிதாகப் பணியாட்கள், கொம்பு ஊதுகிறவர்கள். சில தகடுகளில் நீண்ட முடியோடும் தொப்பியோடும் போர்த்துக்கீசியர்கள். அரசவையில் யார் எங்கே நிற்க வேண்டும், எந்தச் சடங்குக்கு என்ன அணிய வேண்டும் என்பதெல்லாம் இந்தத் தகடுகளில் பதிவாகியிருக்கிறது. எழுத்து வழக்கம் இல்லாத அந்த அரசவைக்கு ஆவணக் களஞ்சியம் இதுதான்.

அதனால்தான் இந்தக் கொள்ளையை 'அழகான சிலைகளை எடுத்துப்போனார்கள்' என்று மட்டும் சொல்வது போதாது. ஒரு அரசின் பதிவேடுகளைத் தாள் தாளாகப் பிரித்து, வெவ்வேறு நாடுகளில் விற்றால் என்ன ஆகுமோ அதுதான் நடந்தது.

வார்ப்பு முறை தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. சுவாமிமலை ஸ்தபதிகள் செய்வதுபோல, மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சுட்டு மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றும் முறைதான் இங்கும். ஒரு வித்தியாசம்: நம் கோயில் உற்சவ மூர்த்திகள் பொதுவாக உள்ளே கெட்டியாக வார்க்கப்படுபவை. பெனின் தலைகளில் நடுவே களிமண் கரு ஒன்று வைத்து, அதன்மேல் மெழுகு போர்த்தி, உள்ளே கூடாக வார்த்தார்கள். வார்ப்பவர்கள் தனிக் குழுவினர். அவர்கள் வாழ்ந்த இகுன் தெருவில் இன்றும் பட்டறைகள் நடக்கின்றன. ஆனால் அன்று ஓபாவின் ஆணை இல்லாமல் அவர்கள் பித்தளை வார்க்கக் கூடாது. வேலை கொடுக்க ஒரே ஒருவர்தான் என்ற இந்த ஏற்பாடு பின்னால் பெரிய விளைவை உண்டாக்கியது.

பித்தளை எங்கிருந்து வந்தது? பெருமளவு ஐரோப்பாவிலிருந்து. மனில்லா எனப்படும் குதிரைலாட வடிவ வளையங்களை ஐரோப்பிய வணிகர்கள் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் அதுதான் நாணயம். மிளகு, தந்தம், துணி, அப்புறம் அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்கள் என எல்லாவற்றுக்கும் அதில் விலை கொடுத்தார்கள். 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று, மூழ்கிய கப்பல்களில் கிடைத்த மனில்லாக்களைப் பரிசோதித்து, பெனின் வார்ப்பாளர்கள் பயன்படுத்திய பித்தளையில் பெரும்பகுதி ஜெர்மனியின் ரைன் பகுதியிலிருந்து வந்தது என்று காட்டியது.

## 1897: நிகழ்வுகளின் வரிசை

1. 1892-இல் பிரிட்டன் ஓபா ஓவொன்ராம்வெனோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. பிரிட்டனுக்கு வேண்டியது பாமாயிலும் ரப்பரும். ஓபாவோ வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டில்தான் வைத்திருந்தார்.

2. 1896 நவம்பரில் அந்தக் கடற்கரைப் பகுதியின் தற்காலிகப் பொறுப்பு அதிகாரி ஜேம்ஸ் பிலிப்ஸ் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். ஓபாவை அகற்ற அனுமதி கேட்ட அந்தக் கடிதத்திலேயே, செலவை ஈடுகட்டும் அளவுக்கு அரசரின் வீட்டில் தந்தம் கிடைக்கும் என்று நம்புவதாகவும் குறிப்பிட்டார். கொள்ளை தற்செயலாக நடந்ததல்ல என்று சொல்பவர்களுக்கு முதன்மைச் சான்று இதுதான்.

3. அனுமதி வருவதற்குள், 1897 ஜனவரியில், பிலிப்ஸ் ஒரு குழுவோடு பெனின் நகரத்தை நோக்கிக் கிளம்பினார். திருவிழாக் காலம், இப்போது வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியும் கேட்கவில்லை. வழியில் குழு தாக்கப்பட்டது. பிலிப்ஸ் கொல்லப்பட்டார், பிரிட்டிஷ் அதிகாரிகளில் இருவர் மட்டும் தப்பினார்கள். சுமை தூக்கி வந்த ஆப்பிரிக்கர்கள் பலரும் இறந்தார்கள். லண்டன் பத்திரிகைகளுக்கு அவர்கள் பெரிதாகத் தெரியவில்லை.

4. சில வாரங்களில் அட்மிரல் ஹாரி ராசன் தலைமையில் சுமார் 1,200 பேர் கொண்ட படை வந்தது. பிப்ரவரி 18 அன்று நகரம் விழுந்தது. அரண்மனை காலி செய்யப்பட்டது. மூன்று நாள் கழித்து நகரம் தீக்கிரையானது.

5. ஒரு பகுதியை அரசே விற்றுப் படையெடுப்புச் செலவில் சேர்த்தது. மீதி அதிகாரிகளின் பெட்டிகளில் ஊர் போய்ச் சேர்ந்து, பின்னர் ஏலங்களுக்கு வந்தது.

6. ஓவொன்ராம்வென் கலபாருக்கு நாடு கடத்தப்பட்டு 1914-இல் அங்கேயே இறந்தார். அதே ஆண்டு அவர் மகன் இரண்டாம் எவெகா ஓபாவானார். இடையில் 17 ஆண்டுகள் பெனினில் அரசர் இல்லை. அரசர் இல்லையென்றால் இகுன் தெருவுக்கு அரண்மனை வேலையும் இல்லை.

கொண்டுபோனவை எத்தனை என்பதற்கு முழுக் கணக்கு யாரிடமும் இல்லை. 2022-இல் தொடங்கிய டிஜிட்டல் பெனின் என்ற இணையப் பட்டியல் 131 நிறுவனங்களில் 5,000-க்கு மேற்பட்ட பொருட்களை அடையாளம் கண்டிருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் மட்டும் 900-க்கு மேல். தனியார் வீடுகளில் இருப்பவை இதில் சேராது.

## கலைக்கூடமா, இனவியல் கூடமா?

அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இது. இன்றைய கலையைப் புரிந்துகொள்ள இதுதான் மிகவும் உதவும் என்பது என் கணிப்பு.

பெனின் பொருட்கள் ஐரோப்பாவுக்கு வந்ததும் வல்லுநர்கள் திகைத்தார்கள். பெர்லின் அருங்காட்சியகத்துக்காக அவற்றை வாங்கிக் குவித்த ஃபெலிக்ஸ் ஃபான் லுஷான், இத்தாலிய மறுமலர்ச்சிக் கால மேதை செல்லினியால்கூட இதைவிட நன்றாக வார்த்திருக்க முடியாது என்ற அளவுக்குப் புகழ்ந்தார். ஆனால் அவை போய்ச் சேர்ந்த இடம் கலை அருங்காட்சியகம் இல்லை, இனவியல் அருங்காட்சியகம். ஓவியமும் சிற்பமும் ஒரு கட்டடத்தில், 'பழங்குடிகளின் பொருட்கள்' இன்னொரு கட்டடத்தில் என்று ஐரோப்பா ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தது.

அந்தப் பிரிவினையால் என்ன நடந்தது?

முதலாவது, செய்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. லேபிளில் 'பெனின், 16-ஆம் நூற்றாண்டு' என்று எழுதினால் போதும் என்றாகிவிட்டது. இகுன் தெருவில் தலைமுறை தலைமுறையாக வார்ப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே அந்தக் கலை 'இறந்துபோன நாகரிகம்' ஆகிவிட்டது.

இரண்டாவது, ஐரோப்பிய நவீன ஓவியர்கள் இந்த இனவியல் கூடங்களுக்குப் போய்ப் பார்த்து வரைந்தார்கள். ஜெர்மானிய ஓவியர் கிர்ஷ்னர் டிரெஸ்டன் நகரத்தில் பெனின் தகடுகளைப் பார்த்து வரைந்த படங்கள் இருக்கின்றன. அவர் வரைந்தது நவீன கலையாகக் கலைக்கூடத்தில் தொங்கியது. அவர் பார்த்தது இனவியல் பொருளாகப் பெட்டிக்குள் இருந்தது.

மூன்றாவது விளைவு நைஜீரியாவுக்குள்ளேயே. ஐனா ஒனபோலு என்ற ஓவியர் 1920-களில் லண்டனில் படித்துவிட்டு வந்து, பள்ளிகளில் ஐரோப்பிய முறை ஓவியம் கற்பிக்கப் பாடுபட்டார். ஒரு ஆப்பிரிக்கனும் அப்படி வரைய முடியும் என்று காட்டுவது அவருக்குத் தன்மானப் பிரச்சினை. காலனி அரசு 1927-இல் கொண்டுவந்த ஆங்கிலேய ஆசிரியர் கென்னத் மரேயோ, ஐரோப்பிய முறை எதற்கு, உங்கள் மரபுக் கைவினையைச் செய்யுங்கள் என்றார். வேடிக்கைதான். அந்த மரபின் சிறந்த மாதிரிகளைத் தன் தலைநகருக்குக் கொண்டுபோய்விட்ட அரசு, மரபைப் பார்த்துச் செய் என்று சொல்கிறது. மரேயின் மீது முழுப் பழியையும் போடுவது நியாயமில்லை. பின்னாளில் நைஜீரியாவுக்கு அருங்காட்சியகங்கள் அமைய உழைத்தவரும் அவர்தான். ஆனால் அவர் நின்ற இடத்தின் முரண்பாடு அது.

1958-இல் சாரியா நகரக் கல்லூரியில் உச்சே ஒகேகே, டெமாஸ் ந்வோக்கோ, புரூஸ் ஓனோப்ராக்பேயா முதலிய மாணவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஐரோப்பிய உத்தியில் பயன்படுவதை எடுப்போம், உள்ளூர் வடிவங்களில் உயிருள்ளதை எடுப்போம், இரண்டையும் நாங்களே தேர்ந்தெடுப்போம் என்பது அவர்கள் நிலைப்பாடு. சென்னை ஓவியக் கல்லூரியில் அதே கால வாக்கில் நடந்த விவாதங்களை அறிந்தவர்களுக்கு இது மிகவும் பழகிய குரலாகக் கேட்கும்.

அவர்கள் பார்க்க வேண்டிய மூலங்களோ வெளிநாட்டில். 1950-களிலிருந்து பிரிட்டிஷ் மியூசியம் ஏறக்குறைய 30 தகடுகளை விற்றது. நைஜீரியாவும் காசு கொடுத்து வாங்கியவர்களில் ஒன்று. 1977-இல் லாகோஸில் ஆப்பிரிக்கக் கலைத் திருவிழா நடந்தபோது, பழைய ஓபா ஒருவரின் தாயான ராணி இடியாவின் தந்த முகமூடியையே விழாச் சின்னமாக வைத்தார்கள். அசலைக் கொஞ்ச நாள் இரவலாகக் கேட்டதற்கு, உடையக்கூடியது என்று காரணம் சொல்லி பிரிட்டிஷ் மியூசியம் மறுத்தது. பெனின் நகரக் கலைஞர் ஒருவரைக் கொண்டு நகல் செதுக்கித்தான் விழா நடந்தது. நைஜீரியாவின் ஒரு தலைமுறைக்கு இந்தப் பிரச்சினையைப் பாடப்புத்தகத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது அந்த மறுப்பு.

## சட்டம் ஏன் உதவவில்லை?

தமிழ்நாட்டில் சிலைக் கடத்தல் வழக்குகளைப் பின்தொடர்பவர்கள் இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்தூர் நடராஜர் லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி 1991-இல் மீட்கப்பட்டார். அது திருட்டு வழக்கு. சிலை வெளியேறிய காலத்தில் அதைத் தடுக்கும் சட்டம் இருந்தது. கலாச்சாரப் பொருட்களின் சட்டவிரோதக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கையும் 1970-லேயே வந்துவிட்டது.

பெனின் கதை அப்படியல்ல.

1. யுனெஸ்கோ உடன்படிக்கை முன்தேதியிட்டுச் செல்லாது.

2. போரில் கொள்ளையடிப்பதைத் தடை செய்த ஹேக் உடன்படிக்கை 1899-இல்தான் வந்தது, பெனின் விழுந்து இரண்டு ஆண்டு கழித்து. முன்பே வந்திருந்தாலும் கையெழுத்திட்ட நாடுகளுக்குள்தான் அது செல்லும். பெனினை அந்த மேசைக்கு யாரும் அழைத்திருக்க மாட்டார்கள்.

3. பிரிட்டிஷ் மியூசியத்தை 1963-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. சில விதிவிலக்குகள் தவிர, தொகுப்பில் உள்ளதை அறங்காவலர்கள் கைமாற்ற முடியாது. அதனால்தான் அங்கிருந்து எப்போதும் 'இரவல்' என்ற பேச்சே வருகிறது. 2024-இல் கானாவின் அசாந்தி அரண்மனைக்குத் தங்கப் பொருட்கள் போனதும் இரவலாகத்தான்.

இந்தச் சட்டம் எல்லோரையும் கட்டாது. லண்டனிலேயே உள்ள ஹார்னிமன் அருங்காட்சியகம் 2022-இல் 72 பொருட்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரி ஒரு பித்தளைச் சேவலைத் திருப்பிக் கொடுத்திருந்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் 29 பொருட்களைக் கொடுத்தது. பெரிய அடி வைத்தது ஜெர்மனி. 2022 ஜூலையில் தன் பொது அருங்காட்சியகங்களில் உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருட்களின் உரிமையை மாற்ற ஒப்புக்கொண்டு, டிசம்பரில் முதல் 20 பொருட்களை நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் ஒப்படைத்தது. உரிமை மாறிய எல்லாமே ஊர் திரும்பவில்லை. பெர்லினில் இருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு இரவலாக அங்கேயே இருக்கும். நைஜீரியா இரவல் கொடுக்கிறது, ஜெர்மனி வாங்கி வைக்கிறது. 1977-இன் நிலைமை தலைகீழாகியிருக்கிறது.

## கலைஞர்கள் என்ன செய்தார்கள்?

அரசுகள் அசைவதற்கு முன்பே கலைஞர்கள் அசைந்துவிட்டார்கள்.

பெஜு லையிவோலா 2010-இல் லாகோஸில் ஒரு கண்காட்சி வைத்தார். அதன் பெயரை 'பெனின்1897.காம்' என்று இணைய முகவரிபோல வைத்திருந்தார். சுட்ட மண் தலைகளை வரிசையாக அடுக்கி, போன பொருட்களின் இடத்தை நிரப்பினார். லையிவோலா ஓபா இரண்டாம் அகென்சுவாவின் பேத்தி. அவர் தாய் எலிசபெத் ஒலோவு, நைஜீரியாவில் வெண்கலம் வார்த்த முதல் பெண் என்று அறியப்படுபவர். வார்ப்புக் குழுவில் பெண்களுக்கு இடமில்லை என்பது பெனின் வழக்கம். அரச குடும்பத்துப் பெண் கல்லூரி வழியாக உலைக்களத்துக்குள் வந்தது காலனியக் கல்வி திறந்த வாசலால். மரபைக் குலைத்த அதே வரலாறு, மரபு மூடி வைத்த ஒரு கதவையும் திறந்தது. இதைச் சொல்ல நம்மில் பலர் தயங்குவோம். லையிவோலாவின் கலை தயங்குவதில்லை.

விக்டர் எஹிகாமெனோரின் படைப்பு நேரடியானது. லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் நிலவறையில் அட்மிரல் ராசனுக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. பெனினை வீழ்த்திய அதே ராசன். 2022 பிப்ரவரியில், படையெடுப்பின் 125-ஆம் ஆண்டில், அந்தப் பலகைக்கு அருகே ஆளைவிட உயரமான ஒரு துணித் திரையை எஹிகாமெனோர் தொங்கவிட்டார். அதில் ஓர் ஓபா நிற்கிறார். உருவம் முழுக்க ஆயிரக்கணக்கான ஜெபமாலை மணிகளால் ஆனது. இடையிடையே இடுப்பில் அணியும் சிறு பித்தளை முகங்கள். ஜெபமாலை எடோ மண்ணுக்கு வந்தது ஐரோப்பியரோடு. பவளமணி உடுத்தி நின்ற ஓபாவை, வந்தவர்களின் மணியாலேயே மறுபடி உடுத்தி, அவர்களுடைய வழிபாட்டு இடத்திலேயே, வென்றவரின் பெயருக்கு அருகே நிறுத்தினார். ராசனின் பலகையை அகற்றச் சொல்லவில்லை. திரை தொங்கிய நாட்களில் அதைப் பார்க்க வந்தவர் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இதே எஹிகாமெனோர் 2017-இல் வெனிஸ் கலைவிழாவில், நைஜீரியா முதல்முறையாக அமைத்த அரங்கில், இகுன் தெருவில் செய்த நூற்றுக்கணக்கான சிறு வெண்கலத் தலைகளையும் கண்ணாடிகளையும் சேர்த்து ஒரு நிறுவல் செய்தார். அதே நேரத்தில், அதே ஊரில், பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் தன் கண்காட்சியில் ஒரு பொன்னிறத் தலையை வைத்திருந்தார். நைஜீரியாவின் இஃபே நகரத்துப் பழைய தலை ஒன்றின் சாயல் அப்பட்டமாக இருந்தது. எஹிகாமெனோர் பொதுவெளியில் எதிர்ப்புத் தெரிவித்தார். பழைய கலையிலிருந்து எடுத்தாள்வது குற்றமா? இல்லை, எல்லோரும் எடுக்கிறார்கள். ஹர்ஸ்ட் தரப்பிலும், ஆப்பிரிக்கத் தாக்கம் கண்காட்சி விளக்கத்தில் குறிப்பிடப்பட்டிருந்தது என்றார்கள். ஆனால் நாளைக்கு ஒரு நைஜீரியச் சிறுவன் அந்த இஃபே தலையைப் பார்த்து ஹர்ஸ்டின் படைப்பு என்று நினைத்துவிடுவானோ என்பதுதான் எஹிகாமெனோரின் கவலை. கிர்ஷ்னர் காலத்துக் கதையின் தொடர்ச்சியாகப் பார்த்தால் அந்தக் கவலை மிகையில்லை.

எமேகா ஓக்போ 2021 தொடக்கத்தில் டிரெஸ்டன் தெருக்களில் சுவரொட்டி ஒட்டினார். ஆள் காணாமல்போனால் ஒட்டுவார்களே, அதே பாணி. ஆளின் படத்துக்குப் பதில் பெனின் சிலையின் படம். மேலே 'பெனினில் காணவில்லை' என்று ஜெர்மன் மொழியில். அந்தப் பகுதி அருங்காட்சியகங்களில் இருந்த சிலைகள்தான் அவை. காணாமல்போனவர் எங்கே இருக்கிறார் என்பது தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் அந்தச் சுவரொட்டியின் குத்தல். சில மாதங்களில் ஜெர்மனி திருப்பிக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. சுவரொட்டியால்தான் என்று சொல்ல முடியாது. பொதுமக்களின் பேச்சை மாற்றியதில் அதற்கும் பங்குண்டு.

மின்னி அட்டைரு வேறு கோணத்தில் போனார். 1897-க்கும் 1914-க்கும் இடையில் வார்க்கப்படாமலே போன சிலைகள் எப்படி இருந்திருக்கும்? பெனின் வெண்கலங்களின் படங்களைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சியாகக் கொடுத்து, அந்த 17 ஆண்டு இடைவெளிக்கான உருவங்களை உருவாக்க வைத்தார். இல்லாத ஒன்றுக்கு வடிவம் கொடுக்கும் முயற்சி. பயிற்சிக்குக் கிடைக்கும் படங்களோ, பொருட்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே எடுத்தவை, அதாவது பெரும்பாலும் மேலைநாட்டு அருங்காட்சியகங்களில். கற்பனைக்கும் மூலப்பொருள் அவர்களிடம் போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

பெனின் நகரத்து அஹியாம்வென் கலைஞர் குழு 2021-இல் செய்ததுதான் என் பார்வையில் மிகக் கூர்மையானது. தாங்கள் புதிதாகச் செய்த படைப்புகளை பிரிட்டிஷ் மியூசியத்துக்கே தர முன்வந்தார்கள். பெரிய வெண்கலத் தகடு ஒன்று. அப்புறம் முழுக்க முழுக்க ஸ்பார்க் பிளக்குகளால் ஆன ஆளுயர ஆட்டுக்கடா ஒன்று. கொள்ளைப் பொருட்களைத் திருப்பிக் கொடுங்கள், பதிலுக்கு இவற்றை வையுங்கள் என்பது வெளிப்படையான செய்தி. உள்ளே இன்னொன்று இருக்கிறது: நாங்கள் இன்னும் இருக்கிறோம், உங்கள் லேபிளில் இருப்பதுபோல 16-ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை. சொந்த மண்ணில் செம்பைத் தோண்டாத பெனின் வார்ப்பாளர்கள் அன்று கப்பலில் வந்த மனில்லாவை உருக்கினார்கள். இன்று பழைய வண்டிகளின் உதிரிபாகத்தை எடுக்கிறார்கள். வந்து சேரும் உலோகத்தில் தன் உருவத்தைச் செய்துகொள்ளும் பழக்கம் அந்த ஊருக்குப் புதிதில்லை.

## யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். கொள்ளையடித்தது பெனின் அரசிடமிருந்து. அன்று நைஜீரியா என்ற நாடே கிடையாது. பிரிட்டன் பின்னர் உருவாக்கியது அது. திருப்பிக் கொடுக்கும்போதோ ஒரு நாடு இன்னொரு நாட்டிடம்தான் கையெழுத்து வாங்கும். இந்த இடைவெளியில் உரிமை கோருபவர்கள் நான்கு தரப்பு.

1. நைஜீரிய மத்திய அரசு. அதன் தேசிய அருங்காட்சியக ஆணையம்தான் ஒப்பந்தங்களில் கையெழுத்திடுகிறது.

2. ஓபா. இவை என் முன்னோர் பீடத்திலிருந்து எடுத்தவை, என்னிடம்தான் வர வேண்டும், அரண்மனை அருகே அமையும் அரச அருங்காட்சியகத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறார். 2023 மார்ச்சில் அன்றைய அதிபர் புஹாரி, திரும்பி வரும் பொருட்களின் உரிமையாளர் ஓபாதான் என்று ஆணையிட்டார். ஐரோப்பாவில் சிலர் அதிர்ந்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஒப்படைப்பு விழாவையே ஒத்திவைத்தது. பொதுமக்களுக்குக் கொடுத்தோம், தனி ஒருவர் கைக்குப் போகிறதே என்பது வாதம். திருட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுப்பவர், வாங்குபவர் அதை எந்த அறையில் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவது எந்த ஊர் நியாயம் என்று எதிர்த்தரப்பு கேட்டது. எனக்கு இரண்டாவது வாதத்தில்தான் வலு தெரிகிறது.

3. எடோ மாநில அரசும் அது ஆதரித்த புதிய அருங்காட்சியகமும். அதற்கு முதலில் எடோ மேற்கு ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகம் என்று பெயர். முந்தைய ஆளுநர் காட்வின் ஒபாசெக்கி காலத்தில், வெளிநாட்டு நிதியோடு, தனி அறக்கட்டளையாக வளர்ந்தது. பெனினின் பெயரைக் காட்டிப் பணம் திரட்டிவிட்டு, அரண்மனையை ஓரங்கட்டுகிறார்கள் என்பது ஓபா ஆதரவாளர்களின் குற்றச்சாட்டு. எங்களிடம் பெனின் வெண்கலங்களே இல்லை, அவற்றுக்கு உரிமை கோரவும் இல்லை, ஆய்வுக்கும் சமகாலக் கலைக்குமான இடம் இது என்பது நிர்வாகத்தின் பதில். மாநில ஆட்சி கைமாறியதும் அருங்காட்சியகத்துக்கு இருந்த பாதுகாப்பும் போனது.

4. அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். நியூயார்க்கில் இயங்கும் ரெஸ்டிட்யூஷன் ஸ்டடி குரூப் என்ற அமைப்பு, பித்தளையின் விலை எங்கள் முன்னோர், எங்களுக்கும் பங்குண்டு என்கிறது. ஸ்மித்சோனியன் திருப்பிக் கொடுப்பதைத் தடுக்க நீதிமன்றம் வரை போனார்கள், பலிக்கவில்லை. சட்டத்தில் நிற்காவிட்டாலும் மனில்லாவின் கதை தெரிந்தவர்களால் இந்தக் கோரிக்கையைச் சிரித்துத் தள்ள முடியாது. பெனின் அரசவையும் அந்த வணிகத்தில் கை நனைத்ததுதான்.

2025 நவம்பரில் வளாகத்துக்குள் புகுந்தவர்கள் இரண்டாம் தரப்புக்காக மூன்றாம் தரப்பை எதிர்த்தார்கள். திருப்பிக் கொடுப்பதை யாரும் எதிர்க்கவில்லை.

அன்று திறக்கவிருந்த கண்காட்சி என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024-இல் வெனிஸ் கலைவிழாவில் நைஜீரிய அரங்கில் வைத்த சமகாலக் கலைக் கண்காட்சியின் விரிவான வடிவம் அது. 'வீடு திரும்புதல்' என்று பெயருக்குப் பின்னால் சேர்த்திருந்தார்கள். வெனிஸ் அரங்கில் பிரிட்டிஷ்-நைஜீரியக் கலைஞர் யிங்கா ஷோனிபாரே 150 பெனின் பொருட்களைக் களிமண்ணில் நகல் செய்து கூம்பாக அடுக்கி, ராசனின் மார்பளவுச் சிலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தார். அருங்காட்சியகப் பெட்டிக்குள் இந்த முறை அட்மிரல். லண்டனிலும் வெனிஸிலும் சிக்கல் இல்லாமல் காட்டப்பட்ட இந்தக் கலை, பெனின் நகரத்தில் மட்டும் குறித்த நாளில் கதவைத் திறக்க முடியவில்லை.